டோக்கியோவில் ஒரு தங்கம், திருகோணமலையில் ஒரு மே மாதம்

டோக்கியோ தேசிய விளையாட்டரங்கு 1958ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டி முடிந்தது. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் அங்கே நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் பெரியவிளானில் பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். ஆறு ஆண்டு கழித்து, 1964இல், அதே அரங்கில் ஒலிம்பிக் வந்தது. 10,000 மீற்றர் ஓட்டத்தில் ரணதுங்க கருணானந்த என்ற இலங்கை இராணுவ வீரர் கடைசி ஆளாக வந்தார். மற்ற எல்லோரும் ஓடி முடித்து, வென்ற அமெரிக்கர் பில்லி மில்ஸைச் சுற்றிக் கூட்டம் கூடிய பிறகும், 67ஆம் இலக்கச் சட்டையோடு அவர் தன்னந்தனியாக மிச்சச் சுற்றுகளை ஓடிக்கொண்டிருந்தார். ஒரே மண்ணில் நின்ற இந்த இரண்டு இலங்கையரில் யப்பானியருக்கு நினைவில் நிற்பவர் தங்கம் எடுத்தவர் அல்லர், கடைசியாக வந்தவர்தான்.

விளையாட்டு வீரர் ஒருவர் களத்தை விட்டு இறங்கிய பிறகு அவருடைய பெயரை எது தாங்கி நிற்கிறது? பதக்கம்தான் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு மேலே சொன்னதே போதும். தொலைக்காட்சியா, அரசா, ஊரா, பள்ளிக்கூடமா? இந்தக் கேள்வியைத் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்று பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. எதிர்வீரசிங்கம் திருகோணமலைக்காரர் அல்லர். ஆனால் அவர் தங்கம் எடுத்த அந்த வாரத்தில் நாடு பற்றி எரிந்தது. அந்த நெருப்பின் காரணங்களில் ஒன்று இந்தத் துறைமுகத்தின் டொக்யாட் வாசலில் தொடங்கியது.

முதலில் அவருடைய விளையாட்டு வாழ்க்கை. 1934இல் பிறந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக். 1958இல் டோக்கியோத் தங்கம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளி. பத்து ஆண்டுக்குள் இரண்டு ஒலிம்பிக், இரண்டு ஆசியப் பதக்கம். பட்டியல் சிறியதுதான். ஆனால் அந்த 2.03 மீற்றரை அந்தக் காலத்து அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். 1952 ஹெல்சிங்கியில் உயரம் பாய்தல் தங்கத்தை வென்ற அமெரிக்கர் வோல்ட் டேவிஸ் தாண்டியது 2.04 மீற்றர். அதற்கு ஒரு சென்ரிமீற்றர் குறைவாக, ஆறு ஆண்டு பிந்தி, பெரியவிளான் பையன் தாண்டியிருக்கிறார். இன்று இலங்கைச் சாதனை உஷான் திவங்கவிடம் இருக்கிறது, 2021இல் அவர் தாண்டிய 2.30 மீற்றர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறுபத்து மூன்று ஆண்டில் எவ்வளவு வளர்ந்துவிட்டோம் என்று மகிழலாம். ஆனால் பாய்ந்து விழும் இடம் மாறியதைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த ஒப்பீடு பிழைத்துப்போகும்.

1950களில் உயரம் பாய்ந்தவர்கள் விழுந்தது மணலில். குறுக்குக் கம்புக்கு அப்பால் குழி வெட்டி, மணல் கொட்டி, போட்டிக்கு முன் மண்வெட்டியால் கொத்திக் கிளறி இளக்கி வைப்பார்கள். மழை பெய்தால் மணல் இறுகிவிடும். அதில் முதுகடியாக விழுந்தால் கழுத்து முறியும். ஆகவே கம்பைத் தாண்டும்போதே எந்தக் காலில், எந்தக் கையில் இறங்குவது என்பதையும் பாய்பவர் யோசித்தாக வேண்டும். 1968 மெக்சிக்கோவில் டிக் ஃபொஸ்பரி முதுகைக் கம்புக்குக் காட்டிப் பாய்ந்து 2.24 மீற்றரில் தங்கம் எடுத்தாரே, அந்தப் பாய்ச்சல் தடித்த பஞ்சு மெத்தை வந்த பிறகுதான் எல்லோருக்கும் சாத்தியமானது. எதிர்வீரசிங்கத்தின் தலைமுறை மணலுக்குப் பயந்த உடம்போடு பாய்ந்த தலைமுறை. வடக்கு கிழக்கில் இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பல பாடசாலைகளில் மணல் குழி இன்னும் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு, வெயில் ஏற முன், வழியில் வந்த கல்லைப் பொறுக்கி வீசிவிட்டு விளையாட்டு ஆசிரியர் மண்வெட்டியோடு நிற்பார். பிள்ளைகள் கத்தரிக்கோல் போலக் காலை மாற்றி மாற்றிப் போட்டுத் தாண்டுவார்கள். மெத்தை உள்ள பாடசாலைப் பிள்ளை மாகாணப் போட்டிக்கு வந்து முதுகு காட்டிப் பாயும்போது, மணலில் பழகிய பிள்ளைக்குப் பாதி நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

மணலில் பழகியவர் டோக்கியோவில் தங்கம் எடுத்த செய்தி கொண்டாட்டமாக ஊர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அது எந்த நாளில் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி.

பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபரில் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது. பதினைந்து ஆண்டுக்கு முன், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, யப்பானிய விமானங்கள் குண்டு போட்ட அதே துறைமுகம். தளம் கைமாறியது இறைமைக்கு வெற்றி என்று கொழும்பில் கொண்டாடப்பட்டது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கடற்படைத் தளம் என்றால் அதில் கப்பல் செப்பனிடுபவர், கொல்லர், தச்சர், சாயம் பூசுபவர், சுமை தூக்குபவர் என்று ஒரு நகரமே தொங்கிக்கொண்டிருக்கும். கொடி இறங்கியதும் அவர்களின் சம்பளமும் இறங்கியது. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களில் சுமார் 400 பேரைக் குடும்பத்தோடு பொலனறுவைப் பக்கம் குடியேற்ற அரசு திட்டம் போட்டது. அந்தச் செய்தி அங்கே இருந்த சிங்களக் குடியேற்றவாசிகளிடையே ஆத்திரத்தைக் கிளப்பியது, கும்பல்கள் திரண்டன. 1958 மே 22ஆம் திகதி பொலனறுவைப் புகையிரத நிலையத்தில் தாக்குதல் தொடங்கியது. கலவரத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் ஏப்ரலில் கிழிக்கப்பட்டிருந்தது, சிங்களம் மட்டும் சட்டத்தின் சூடு ஆறவில்லை. ஆனால் தீக்குச்சி உரசப்பட்ட இடங்களில் டொக்யாட் வேலையும் ஒன்று.

டோக்கியோவில் மே 24ஆம் திகதி விழா தொடங்கி ஜூன் 1இல் முடிந்தது. கொழும்பில் மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. தெற்கில் வீடிழந்த தமிழர்களைக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். நாட்டுக்கு முதல் ஆசியத் தங்கத்தை ஒரு தமிழர் வாங்கிய நாட்களில் தமிழர் என்பதற்காகவே ஆட்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கதையாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்போம்.

எதிர்வீரசிங்கத்தின் புகழ் எப்போதும் அரைகுறையாகவே இருந்ததற்கான காரணத்தை நான் இங்கேதான் தேடுகிறேன். புகழுக்கு உரிமை கொண்டாட ஆள் வேண்டும். இலங்கை அரசுக்கு அந்தத் தங்கம் தன்னுடையது, ஆனால் அந்த மாதத்தை நினைவூட்டாமல் அதைப் பேச முடியாது. தமிழருக்கு அந்த மனிதர் தங்களவர், ஆனால் அவர் நின்ற மேடையில் ஏறியது அவர்களை அடித்த நாட்டின் கொடி. இரண்டு பேருக்கும் சொந்தமான ஒன்றை இரண்டு பேரும் முழு வாயால் சொந்தம் என்று சொல்ல முடியாத நிலை. கிழக்கிலும் வடக்கிலும் அறுபது கடந்தவர்களிடம் பெயரைச் சொன்னால், ஓம், உயரம் பாய்தல் எதிர்வீரசிங்கம் என்று உடனே அடையாளம் சொல்வார்கள். அதற்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பெயரே புதிது.

அவருடைய பிற்கால வாழ்க்கையும் மேடைக்கு ஏற்றதாக இருக்கவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் படித்தார், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார், கல்வித்துறையில் வேலை செய்தார், வாழ்வின் பெரும் பகுதியை வெளிநாட்டில் கழித்தார். வட கிழக்கின் கல்வி பற்றியும் விளையாட்டு பற்றியும் முதுமை வரை அக்கறையோடு பேசியும் எழுதியும் வந்தார். 2024இல் அமெரிக்காவில் காலமானார். ஓய்வுபெற்ற வீரர் ஊரில் இருந்து, கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைப் பரிசளிப்புக்கும் பிரதம விருந்தினராகப் போய் வந்தால் பெயர் பிழைத்திருக்கும் என்பது எங்கள் பக்கத்து வழமை. படித்து வெளியேறியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பதக்கத்தோடு நின்றுவிடாமல் வேறொரு துறையிலும் ஆளானது அவருடைய பெருமை. புகழுக்கு அது நட்டம்.

கருணானந்தவின் கதை நேரெதிர். அவர் ஓடியது நோய்வாய்ப்பட்ட உடம்போடு என்று சொல்லப்படுகிறது. அரங்கம் முதலில் சிரித்தது, பிறகு வியந்தது, கடைசிச் சுற்றில் எழுந்து நின்று கைதட்டியது. இது ஒரு நாள் செய்தியாகப் போயிருக்கும். ஆனால் யப்பானில் அதைப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். 67ஆம் இலக்க வீரரைப் பற்றிய பாடத்தை 1970களில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று அறுபது வயது. கருணானந்த 1970களின் நடுப்பகுதியிலேயே நீரில் மூழ்கி இறந்துவிட்டார், தன் பெயர் அந்நிய நாட்டில் எவ்வளவு தூரம் போனது என்று அவர் முழுதாக அறிந்திருக்க மாட்டார். தோற்றவரின் புகழ் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போரில் தோற்று எழுந்துகொண்டிருந்த ஒரு நாடு, தன் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பிய ஒன்றை ஓர் அந்நியரில் கண்டுகொண்டது. அவருக்கு உரிமை கோர அங்கே போட்டி இல்லை. சிங்களவரா தமிழரா என்ற கேள்வி டோக்கியோ ஆசிரியை ஒருவருக்கும் எழாது.

போட்டியில்லாத உரிமை என்றால் என்ன என்று பார்க்க வடக்கே இன்னும் தூரம் போகலாம். திருகோணமலைக்காரருக்கு நோர்வே என்றால் ஞாபகம் வருவது 2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் வந்த கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்கள். நோர்வேயின் தலைமையில் வந்த அந்தக் குழுவுக்கு இங்கேயும் அலுவலகம் இருந்தது. 2008 தொடக்கத்தில் உடன்பாடு முறிந்ததும் மூட்டை கட்டினார்கள். அந்த நாட்டில் யாருடைய படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று இங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அரசியல்வாதியின் பெயரை விடப் பயத்லோன் வீரரின் பெயர் வந்திருக்கும்.

பயத்லோன் என்பது பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சூடும் சேர்ந்த பந்தயம். மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, காலில் பனிப்பலகை கட்டி, மேடும் பள்ளமுமாகச் சில கிலோமீற்றர் சறுக்கி வந்து, மூச்சு இரைக்க இரைக்கச் சுடுதளத்தில் நிற்க வேண்டும். ஐம்பது மீற்றர் தூரத்தில் ஐந்து வட்டங்கள். படுத்துச் சுடும்போது அந்த வட்டத்தின் விட்டம் 45 மில்லிமீற்றர், நின்று சுடும்போது 115. இதயம் நிமிடத்துக்கு 150க்கு மேல் அடிக்கும்போது துப்பாக்கி நுனி ஆடாமல் இருக்க, இரண்டு மூச்சுக்கு இடையில் விசையை அழுத்த வேண்டும். பல பந்தயங்களில் ஒரு குண்டு தவறினால் 150 மீற்றர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். எவ்வளவு முன்னால் வந்தவரும் கடைசித் தளத்தில் இரண்டு குண்டைத் தவறவிட்டு எல்லாவற்றையும் இழக்கலாம். தொலைக்காட்சிக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போன்ற விளையாட்டு.

ஆனால் இது தொலைக்காட்சிக்காகப் பிறந்தது அல்ல, பட்டாளத்தில் பிறந்தது. 1767இலேயே நோர்வே எல்லைக் காவற்படைகளுக்கிடையே சறுக்கிச் சுடும் போட்டி நடந்திருக்கிறது. 1924 குளிர்கால ஒலிம்பிக்கில் இராணுவ ரோந்து என்ற பெயரிலேயே ஒரு பந்தயம் இருந்தது. 1960இல்தான் பயத்லோன் என்ற தனி ஒலிம்பிக் போட்டியானது. 1968இலும் 1972இலும் தனிநபர் தங்கம் எடுத்த மக்னார் சூல்பர்க் ஒரு பொலிஸ்காரர். அதன் பிறகு விளையாட்டு ஊர்க் கழகங்களுக்கு இறங்கியது. சீமொஸ்ட்ராண்டா என்ற சிற்றூரில் வளர்ந்த ஓலே ஐனார் பியோர்ண்டாலன் எட்டு ஒலிம்பிக் தங்கம் உட்பட 13 ஒலிம்பிக் பதக்கம் எடுத்தார். 2002 சோல்ட் லேக் சிற்றியில் இருந்த நான்கு பந்தயங்களிலும் அவரே தங்கம். நாற்பது வயதில், 2014 சோச்சியில், மறுபடியும் தங்கம். 2018இல் ஒலிம்பிக் அணிக்குத் தெரிவாகாமல் போக, அந்த ஆண்டே ஓய்வு அறிவித்தார். அவருக்குப் பின் வந்த யொஹானஸ் திங்னஸ் போ ஐந்து ஒலிம்பிக் தங்கம் எடுத்து, உலகச் சம்பியன் பட்டங்களில் பியோர்ண்டாலனையே தாண்டி, 2025 மார்ச்சில் ஒஸ்லோ ஹொல்மன்கொல்லனில் அண்ணன் தாரியேயுடன் ஒன்றாக விடைபெற்றார். வயது 31.

இவர்களின் புகழை வெறும் பதக்க எண்ணிக்கையாகப் பார்த்தால் பாதியைத் தவற விடுவோம். ஒலிம்பிக் நாலு ஆண்டுக்கு ஒருமுறை. உலகக் கிண்ணப் பந்தயங்கள் குளிர்காலம் முழுக்க வாரக் கடைசிகளில் நடக்கும். வெளியே நாலு மணிக்கே இருட்டும் நாட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பமே தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும். பதினைந்து இருபது குளிர்காலம் ஒரே முகத்தைப் பார்த்தால் அவர் அந்த வீட்டு ஆள் ஆகிவிடுவார். ஓய்வுக்குப் பின்னும் அவர் மறைவதில்லை. பயிற்றுநராகவோ வர்ணனையாளராகவோ அதே பனியில் நிற்பார். பியோர்ண்டாலன் தன் மனைவி, பெலாருஸ் வீராங்கனை தார்யா தொம்ராச்சேவாவோடு சீன அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனதும் நோர்வேயில் செய்திதான். நோர்வேயின் வடகோடியில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஊன்றிப்போன ஈழத்தமிழரின் பிள்ளைகளும் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வளர்ந்தார்கள்.

இங்கேயோ பாதை மறுபுறமாகப் போனது. நோர்வேயில் பட்டாளத்தின் கையிலிருந்த விளையாட்டு ஊருக்கு இறங்கியது, இலங்கையில் ஊரில் இருந்த விளையாட்டு முப்படைகளிடம் ஏறியது. எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் பாடசாலைகளே வீரர்களை உருவாக்கின. பிறகு சம்பளம், உணவு, பயிற்றுநர், மைதானம், காயப்பட்டால் மருத்துவம் எல்லாம் ஓரிடத்தில் கிடைப்பது படைகளில் மட்டும் என்றானது. நாட்டின் முன்னணி மெய்வல்லுநர்களில் பெரும் பகுதியினர் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் பெயரில் ஓடுபவர்கள்தான். வறிய கிராமத்துப் பிள்ளைக்கு அது நல்ல வழி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திருகோணமலையில் அதன் விளைவைப் பாருங்கள். டொக்யாட்டுக்குள் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை, நகரைச் சுற்றித் தரைப்படை. மாவட்டத்தின் நல்ல பயிற்சி வசதிகள் முள்வேலிக்கு உள்ளே, வெளியே நிற்கும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு மெக்கெய்சர் மைதானமும் பாடசாலைத் திடலும். போர் நடந்த ஆண்டுகளில் அந்தச் சீருடையை அணிந்து ஓடுவது தமிழ் இளைஞன் ஒருவன் தெரிந்தெடுக்கக்கூடிய பாதையாக இருக்கவில்லை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில் பிறந்த பிள்ளை அதில் நீந்தப் பழக முடியவில்லை. மீன்பிடிக்கவே அனுமதிச் சீட்டும் நேரக் கட்டுப்பாடும் இருந்த கடல் அது.

நீச்சல் என்றதும் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் நினைவுக்கு வருகிறார். 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்திருந்தார். 1971இல் ஆனந்தன் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் கடந்தார். ஆழிக்குமரன் என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு கின்னஸ் சாதனைகளைத் தேடிப் போனார். ஒற்றைக் காலில் நின்றார், நாட்கணக்கில் பந்தைக் குத்தினார், சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலம் மிதந்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் போனது. அவருக்கு ஓய்வு என்ற ஒன்று வாய்க்கவே இல்லை. ஆனால் அவர் பெயர் ஊரில் இருக்கிறது, வல்வெட்டித்துறை நீச்சல் தடாகம் அவர் பெயரில்தான். ஊர் ஒன்று முழுமையாக உரிமை கொண்டாடிய வீரர் அவர். எதிர்வீரசிங்கத்துக்குக் கிடைக்காதது அதுதான் என்று நினைக்கிறேன்.

பெண்களின் கணக்கு இன்னும் மோசம். ஈவினையில் பிறந்து, ஆறடி பத்து அங்குல உயரத்தோடு இலங்கை வலைப்பந்தாட்ட அணியைப் பல ஆண்டு தாங்கிய தர்ஜினி சிவலிங்கம் மூன்று முறை, 2009, 2018, 2022 ஆண்டுகளில், ஆசியச் சம்பியன் அணியில் இருந்தார். 2011 உலகக் கிண்ணத்தில் கோல் போட்டவர்களில் முன்னணியில் நின்றார். அவுஸ்திரேலியக் கழகங்கள் அவரை அழைத்தன. சிங்களப் பார்வையாளரும் தமிழ்ப் பார்வையாளரும் ஒன்றாகக் கைதட்டிய மிகச் சில பெயர்களில் அது ஒன்று. ஆனால் ஆண்டுக்கு எத்தனை வலைப்பந்தாட்டப் போட்டி வீட்டுத் தொலைக்காட்சியில் வருகிறது? சர்ச்சையே இல்லாத அந்தப் புகழும் இறுதியாட்டம் முடிந்த வாரத்தோடு வற்றிவிடுகிறது. ஒலிம்பிக் பதக்கம் எடுத்த சுசந்திகா ஜயசிங்கவே 2017இல் தன் பதக்கத்தை விற்கப்போகிறேன் என்று அறிவிக்க நேர்ந்த நாடு இது. நாட்டின் இரண்டே இரண்டு ஒலிம்பிக் பதக்கங்களில் ஒன்று அது. மற்றது 1948இல் டங்கன் வைற் எடுத்தது.

முத்தையா முரளிதரனை இந்த வரிசையில் எங்கே வைப்பது? 800 டெஸ்ட் விக்கெட், 2010 காலியில் தன் கடைசிப் பந்தில் கடைசி விக்கெட். நோர்வேக்குப் பயத்லோன் எப்படியோ அப்படித்தான் இலங்கைக்குக் கிரிக்கெட், ஆகவே அவர் முகம் மறையும் பேச்சே இல்லை. இருந்தும் அவர் வாழ்க்கையைப் படமாக்கப் போனபோது, 2020இல், தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில் விஜய் சேதுபதி விலக வேண்டி வந்தது. வேறு நடிகரோடு 2023இல் படம் வந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த தமிழ் விளையாட்டு வீரர், தமிழருக்குள் அதிகம் வாதிடப்பட்டவர். புகழ் பெரிதாகப் பெரிதாக அதன் உரிமைப் பத்திரத்தை எல்லோரும் புரட்டிப் பார்க்கிறார்கள். எதிர்வீரசிங்கம் மறக்கப்பட்டதால் அந்த விசாரணையிலிருந்து தப்பினார் என்றும் சொல்லலாம்.

டோக்கியோ அரங்குக்குத் திரும்பினால் மூன்றாவது இலங்கையர் ஒருவர் இருக்கிறார். பழைய அரங்கை இடித்து அதே நிலத்தில் கட்டிய புதிய அரங்கில், 2021 ஓகஸ்டில், பரா ஒலிம்பிக் ஈட்டி எறிதலில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். இலங்கைக்கு முதல் பரா ஒலிம்பிக் தங்கம். அவர் இராணுவ வீரர். இறுதிப் போரில் கையில் காயம் பட்டவர். அவருடைய உழைப்பைக் கண்டு தலை வணங்காதவர் இருக்க முடியாது. அதே போரில் கை கால் இழந்த ஆயிரக்கணக்கான தமிழர் அந்தப் படத்தைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியாது. அவர்களுக்கும் ஈட்டி கொடுத்து, பயிற்றுநர் கொடுத்து, மைதானம் கொடுத்திருந்தால் என்ற எண்ணம் பொறாமை அல்ல.

மைதானங்களுக்குப் பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் சுகததாச, பிரேமதாச, யாழ்ப்பாணத்தில் துரையப்பா, எல்லாம் அரசியல்வாதிகள். கிழக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு, மட்டக்களப்பு வெபர் மைதானம். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறைகளைப் பயிற்றிய இயேசு சபைத் துறவி ஹரல்ட் ஜோன் வெபரின் பெயர். பெயர்ப் பலகை இருக்கிறது. ஆனால் இன்று அங்கே உதைபந்தாடும் பையனுக்கு வெபர் என்பது இடத்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல. அவரை ஆளாக அறிந்தவர்கள் அவரிடம் ஓடப் பழகியவர்கள், அவர்களுக்கும் இப்போது வயது போய்விட்டது.

பலகையை விடப் பாடம் நீடிக்கும் என்பதை யப்பானியர் செய்து காட்டியிருக்கிறார்கள். 67ஆம் இலக்கத்துக்கு எழுதியதைப் போல 2.03 மீற்றருக்கும் ஒரு பாடம் எழுதலாம், ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ. மணல் குழியைப் பற்றி எழுதுவது சுலபம், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஹெல்சிங்கிக்குப் போன மாணவனைப் பற்றி எழுதுவதும் சுலபம். சங்கடம் 1958 மே மாதத்துக்கு வரும்போது தொடங்கும். சிங்களப் பதிப்பில் அந்த வாரத்தை விட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும் எழுதலாம், தமிழ்ப் பதிப்பில் அந்த வாரத்தையே பெரிதாக எழுதலாம், இரண்டும் எங்களுக்குப் பழக்கமானவைதான். டொக்யாட்டில் வேலை இழந்த கொல்லனையும் டோக்கியோவில் பாய்ந்த மாணவனையும் ஒரே பக்கத்தில் வைத்து, இரண்டு மொழியிலும் வரி மாறாமல் அச்சிட வேண்டும் என்று ஒரு பாடநூல் குழுவிடம் சொன்னால் முதல் கூட்டத்திலேயே அது உபகுழுவுக்கு அனுப்பப்படும். உபகுழுவில் யார் யார் இருப்பார்கள் என்பதில் இரண்டாவது கூட்டம் முடியும்.